பத்து மில்லி செகண்டுக்குள்

காலை ஒன்பது மணிக்கு முன்பே பயிற்சி மாணவி கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள். நோயாளிகள் வருவதற்குள், கருவி சரியாக ஓடுகிறதா என்று தங்களில் ஒருவருடைய காதை வைத்துப் பார்த்துக்கொள்வது அந்த அறையின் வழக்கம். இன்றைக்கு அவள் முறை. உடன் படிக்கும் பையன் கரகரப்பான பசையைத் துணியில் தொட்டு, அவள் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தை ஒட்டித் தேய்க்கிறான்.

"டேய், மெதுவா. தோலு உரியுது."

"அஞ்சுக்குக் கீழ வரணும்ல. இன்னும் ஒம்பதுல நிக்குது."

ஒன்பது என்பது கிலோ ஓம். தோலுக்கும் அதன்மேல் ஒட்டுகிற உலோகக் கிண்ணிக்கும் இடையே உள்ள மின்தடை. அது ஐந்துக்குக் கீழே இறங்கினால்தான் உள்ளேயிருந்து வரும் நுண்ணிய மின்சாரம் சேதமில்லாமல் வயருக்குள் ஏறும். மேல்நெற்றியில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று, இரண்டு காதுக்கும் பின்னால் இருக்கிற எலும்பு மேட்டில் ஒவ்வொன்று என நான்கு கிண்ணிகள். ஒவ்வொன்றையும் வெள்ளைப் பசை வைத்து அமுக்கி, மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டுகிறான். திரையில் 4.1, 3.8, 4.4 என்று எண்கள் இறங்கியதும்தான் அவன் தோள் தளர்கிறது.

தெற்கு மாவட்டமொன்றின் அரசு மருத்துவமனை இது. காது மூக்கு தொண்டைப் பிரிவின் கடைசி அறை. கதவில் எழுதியிருப்பது எதுவானாலும் வருகிறவர்களுக்கு இது 'பெரா ரூம்'. காதில் விழும் ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்பதிலைப் பதிவு செய்கிற சோதனைதான் பெரா. சுவரெல்லாம் துளையிட்ட பலகை, கனத்த கதவு, ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார என்னை அனுமதித்திருக்கிறார்கள். வாய் திறக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

காதுக்குள் மஞ்சள் நிற நுரைச் செருகி போகிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பின்னால் இருக்கிற சிறிய பெட்டிக்கு ஓடுகிறது. அவள் கண்ணை மூடுகிறாள். "பல்லைக் கடிக்காத, கழுத்தத் தளர விடு" என்று சொல்லிவிட்டு அவன் டியூப்லைட்டை அணைக்கிறான். விளக்கின் இரைச்சலும் கோட்டில் ஏறிவிடும்.

பிறகு கிளிக். ஒரு செகண்டைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு நேரமே நீடிக்கும் ஒரு மின்துடிப்பு, ஒலியாகி அவள் காதுக்குள் விழுகிறது. நொடிக்கு 27.7 கிளிக். அந்தப் புள்ளி ஏழு தவறி விழுந்ததல்ல. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்கிறது. கிளிக்கின் எண்ணிக்கை அதோடு சரியாக வகுபட்டுப்போனால், சுவருக்குள் ஓடும் கரண்டின் ரீங்காரமும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்து மூளையின் பதிலாக வேஷம் போடும். வகுபடாத எண்ணாக வைத்தால் அது தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும்.

திரையில் முதலில் வெறும் நடுக்கம். மூளையின் மேல்தளமும் கழுத்துத் தசையும் பத்து, இருபது மைக்ரோவோல்ட் அளவில் ஓயாமல் அலையடித்துக்கொண்டிருக்கின்றன. தேடுகிற பதிலோ அரை மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் ஒரு கூறின் பாதி. ஒரு கிளிக்குக்கு ஒரு கோடு என்று பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதனால் கருவி ஒவ்வொரு கிளிக்குக்கும் பிந்திய பத்து மில்லி செகண்டை வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறது. நடுக்கம் ஒருமுறை மேலே போனால் மறுமுறை கீழே போய்க் கழிந்துவிடுகிறது. பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் வருவதால் நிலைக்கிறது. 2000 கிளிக் முடிகிறபோது இரைச்சல் ஏறக்குறைய 45-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதற்கு ஆகும் நேரம் ஒன்றேகால் நிமிடத்துக்கும் குறைவு.

இருநூறில் கோடு கோணலாக இருக்கிறது. ஐந்நூறில் வலப்பக்கம் ஒரு முகடு தலை தூக்குகிறது. ஆயிரத்தைத் தாண்டும்போது இடப்பக்கமும் ஒன்று. 2000-இல் கோடு அசையாமல் நிற்கிறது: ஐந்து முகடுகள். முதலாவது ஒன்றரை மில்லி செகண்டை ஒட்டி. மூன்றாவது நான்குக்குச் சற்று முன்னால். ஐந்தாவது ஐந்தரையைத் தாண்டி, எல்லாவற்றையும்விட உயரமாக, பின்புறம் செங்குத்தாகச் சரிந்து. கட்டிலில் கிடப்பவள் ஒரு கண்ணைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். அவளுடைய மூளைத்தண்டு வரைந்த கோடு அது. அவள் எதையும் செய்யவில்லை, எதற்கும் பதில் சொல்லவில்லை. தூங்கியிருந்தாலும் இதே கோடுதான் வந்திருக்கும்.

ஆடியாலஜிஸ்ட் மேடம் அந்த நேரத்தில் உள்ளே வருகிறார். நாற்பதை நெருங்கும் வயது. பையைக்கூட வைக்காமல் திரையைப் பார்க்கிறார்.

"நல்லா வந்திருக்கு. சரி, சொல்லு. எது எங்கேருந்து வருது?"

பையன் ஒப்பிக்கிறான். முதல் அலை செவி நரம்பு, இரண்டாவது காக்ளியர் நியூக்ளியஸ், மூன்றாவது ஆலிவ், நான்காவது லேட்டரல் லெம்னிஸ்கஸ், ஐந்தாவது இன்ஃபீரியர் கொலிகுலஸ். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு பாக்டீரியாவின் பெயர் வரும்: ஈ.கோலி. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

"அது பூனைக்கு" என்கிறார் மேடம்.

அவர் சொன்னது முழு உண்மை. தலைக்கு வெளியே ஒட்டிய கம்பியில் செவி நரம்பின் மின்சாரத்தைப் பிடிக்கலாம் என்று 1967-இல் இஸ்ரேலில் சோமரும் ஃபைன்மெசரும் காட்டினார்கள். 1970, 71-இல் அமெரிக்காவில் டான் ஜூவெட்டும் ஜான் வில்லிஸ்டனும் மனிதத் தலையிலிருந்து இந்த அலைத்தொடரை ஒழுங்காகப் பதிவு செய்து, முகடுகளுக்கு ரோமன் எண் கொடுத்தார்கள். எண் மட்டும்தான் கொடுத்தார்கள். அந்த அடக்கம் பெரிய விஷயம். எந்த முகடு எங்கே பிறக்கிறது என்பது பிறகு தேடப்பட்டது. 1975-இல் புக்வால்டும் ஹுவாங்கும் பூனையின் செவிப் பாதையைப் படிப்படியாகத் துண்டித்து, எந்த இடத்தை வெட்டினால் எந்த அலை மறைகிறது என்று பார்த்தார்கள். ஒரு நிலையத்துக்கு ஓர் அலை என்று கச்சிதமாக வந்தது. அந்தக் கச்சிதத்தின் அழகு பாடப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

1980-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் பீட்டர் ஜனெட்டா என்ற நரம்பியல் அறுவை நிபுணர், முகத்தில் மின்னலடிக்கும் வலிக்கும் முகம் ஒரு பக்கம் துடிக்கும் நோய்க்கும் காதுக்குப் பின்னால் திறந்து அறுவை செய்துகொண்டிருந்தார். அந்த வழியில் செவி நரம்பு கண்ணுக்கு முன்னால் கிடக்கும். ஆகே மோலர் என்ற உடலியல் அறிஞர் அந்த நரம்பின்மேலேயே மெல்லிய கம்பியை வைத்து, காதில் கிளிக் போட்டுப் பதிவு செய்தார். மூளைத்தண்டுக்கு அருகே நரம்பில் எழுந்த மின்துடிப்பின் நேரமும், தலைக்கு வெளியே பதிவான இரண்டாம் அலையின் நேரமும் ஒன்றாக இருந்தன. ஆக மனிதரில் இரண்டாம் அலையும் நரம்பினுடையதுதான். முதல் அலை, நரம்பு உள்காதின் காக்ளியாவை விட்டுக் கிளம்பும் முனையில். இரண்டாவது, அதே நரம்பு மூளைத்தண்டைத் தொடும் முனையில்.

காரணம் நீளம். மனிதரின் செவி நரம்பு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர். பூனைக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நம் மண்டை பெரியது, எலும்புக் கால்வாய்க்கும் மூளைத்தண்டுக்கும் நடுவே இடைவெளி அதிகம், அந்த நரம்பின் இழைகளும் மெல்லியவை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சேதி போக ஏறத்தாழ ஒரு மில்லி செகண்டு ஆகிறது. மாணவியின் காதுக்கு ஓடுகிற அந்தக் குழாயில் ஒலி ஓர் அடி தூரம் காற்றில் வருவதற்கு ஆகும் நேரம் இதைவிடச் சற்றுக் குறைவு. காற்றில் ஓர் அடி, நரம்பில் ஓர் அங்குலம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம். பூனையில் நரம்பு குட்டையாக இருப்பதால் இரண்டாம் அலையின் நேரத்துக்குள் சேதி முதல் நிலையத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. நமக்கு அப்போதுதான் வாசலை அடைகிறது.

"அப்ப மூணாவது?" என்று கேட்கிறாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்ட மாணவி. நெற்றியில் வட்டமாகச் சிவந்திருக்கிறது.

மூன்றாவதுதான் காக்ளியர் நியூக்ளியஸ். பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது. மேடம் விரலால் தன் பின்கழுத்துக்கு மேலே தொட்டுக் காட்டுகிறார். செவி நரம்பின் இழைகள் அத்தனையும், ஒன்று விடாமல், அங்கே முடிகின்றன. இரண்டு பக்கச் செவி நரம்பும் கட்டியால் அழிந்துபோனவர்களுக்கு, நரம்பைத் தாண்டி நேராக அந்த இடத்தின்மேலேயே மின்முனைத் தகடு வைக்கிறார்கள். 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸும் ஹிட்ஸல்பர்கரும் தொடங்கியது. சென்னையிலும் செய்கிறார்கள். தகடு சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று பார்க்க, அறுவை மேசையிலேயே இதே மாதிரியான அலைகளைத்தான் தேடுகிறார்கள்.

நான்காவது, பெரும்பாலும் சுப்பீரியர் ஆலிவ் வட்டாரம். எனக்கு இந்த இடத்தின்மேல் தனிப் பிரியம். இதுவரை வலக்காது வேறு, இடக்காது வேறு. இங்கேதான் இரண்டும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. வலப்பக்கமிருந்து கூப்பிட்டால் ஒலி வலக்காதில் சற்று முன்னால் விழும். மிஞ்சிப்போனால் ஒரு மில்லி செகண்டுகூட இல்லாத வித்தியாசம். அதையும், அதைவிடப் பல மடங்கு சிறிய வித்தியாசத்தையும், பத்து மைக்ரோ செகண்டு வரை, ஒப்பிட்டுத் திசை கண்டுபிடிக்கும் வேலை இங்கே தொடங்குகிறது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் சரியான பக்கம் தலை திரும்புவதற்கு அடிப்படைக் கணக்கு இங்கேதான் போடப்படுகிறது.

ஐந்தாவது அலை, எதிர்ப்பக்கத்து லேட்டரல் லெம்னிஸ்கஸ் இன்ஃபீரியர் கொலிகுலஸுக்குள் நுழைந்து முடியும் இடத்தில் கூர்மையாக எழுகிறது. அதன்பின் வரும் மெதுவான பள்ளம்தான் கொலிகுலஸ் தானே எழுப்புவது. வலக்காதில் போட்ட கிளிக்கின் ஐந்தாம் அலை பெரும்பாலும் இடப்பக்க மூளைத்தண்டின் குரல்.

இதையும் ஒரே வரியில் எழுதிவிட முடியாது. மூன்றாவதிலிருந்தே பாதை கிளை பிரிந்துவிடுகிறது. சில இழைகள் ஆலிவில் இறங்கி ஏறிப் போகின்றன. சில எங்கும் நிற்காமல் நேராகப் போகின்றன. ஒரே நிலையத்துக்கு முந்தியும் பிந்தியும் சேதி வருகிறது; ஒரே நேரத்தில் பல நிலையங்கள் பேசுகின்றன. முதல் இரண்டு அலைகளுக்குத்தான் ஒற்றை முகவரி. மற்றவை கூட்டுக் குரல்.

தலைக்கு வெளியிலிருந்து கேட்பதன் வரம்பும் இதில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நிற்பவருக்கு உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழாது. ஆனால் எல்லா வாத்தியமும் ஒரே நொடியில் கெட்டிமேளம் கொட்டும்போது, தாலி ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே கணத்தில் சேர்ந்து துடித்தால்தான் நெற்றியில் ஒட்டிய கிண்ணிக்கு எட்டும். தனித்தனியாகத் துடித்தால் உள்ளே எவ்வளவு நடந்தாலும் வெளியே கோடு தட்டையாகவே இருக்கும்.

"மேடம், அப்ப எக்ஸாம்ல எதை எழுதுறது?" பையனின் கவலை நியாயமானது.

"பூனைக்கு இது, மனுசனுக்கு இதுன்னு ரெண்டையும் எழுது. ரிப்போர்ட்ல ஒரு இடத்தோட பேர எழுதுறதுக்கு முன்னாடி மட்டும் நல்லா யோசி."

கதவுக்கு வெளியே குழந்தைகளின் அழுகை சேரத் தொடங்கிவிட்டது.

முதலில் வருவது ஒரு லாரி டிரைவர். இடக்காதில் ஓயாத விசில், சொல் புரிவதில்லை. வலது ஐந்தாம் அலைக்கும் இடது ஐந்தாம் அலைக்கும் நடுவே 0.4 மில்லி செகண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நரம்பில் கட்டியைச் சந்தேகிப்பார்கள். இவருக்கு 0.1. முதல் அலைக்கும் ஐந்தாவதுக்கும் இடைவெளி 4.0, அதுவும் வழக்கமானதே. அவர் கருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அழுத்தித் தலையைத் துடைத்துக்கொண்டு போகிறார். சிறிய கட்டிகளை இந்தச் சோதனை தவறவிடும் என்பதால் டாக்டர் ஸ்கேனும் எழுதியிருக்கிறார்.

அடுத்து எட்டு மாதப் பையன். தூக்க சிரப் கொடுத்துத் தோளில் சாய்த்துக் கொண்டுவருகிறார் அப்பா. 80 டெசிபலில் தொடங்கி 60, 40, 30 என்று இறக்குகிறார்கள். ஒலி குறையக் குறைய முன்னால் இருக்கிற முகடுகள் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. ஐந்தாவது மட்டும் குட்டையாகி, வலப்பக்கம் நகர்ந்து நகர்ந்து, எட்டு மில்லி செகண்டை எட்டியும் நிற்கிறது. அது நிற்கிற கடைசிப் படிதான் குழந்தையின் காது எட்டும் எல்லைக்கு அடையாளம். 30-லும் நிற்கிறது. "நல்லா இருக்குங்கய்யா" என்கிறார் மேடம். அப்பா அதற்குள் குழந்தையின் காலுறையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார், முகம் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு வருகிற குழந்தைக்கு மூன்று மாதம். பெண் குழந்தை. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, தலையில் தேங்காயெண்ணெய் பளபளக்கிறது. அம்மாவுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கலாம். கூட வந்திருக்கிற பாட்டிதான் பேசுகிறார்.

"பொறந்த மூணாம் நாளு மஞ்சக்காமால தாயி. நீல லைட்டுல போட்டு வச்சாக. அப்பறம் ரெத்தத்தயே மாத்துனாக. காதுக்கு ஒரு மிசினு வச்சுப் பாத்து பாஸுன்னுதான் சொன்னாக. ஆனா பக்கத்துல தட்டு விழுந்தாக்கூட இது அசையல."

மேடம் பழைய சீட்டை வாங்கிப் பார்க்கிறார். அந்த மெஷின் ஓ.ஏ.இ. 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது. காக்ளியாவுக்குள் இருக்கிற வெளிமயிர் செல்கள் ஒலிக்கு எதிரொலி எழுப்பும். அதை நுண்ணிய மைக் ஒன்றால் பிடித்துப் பார்ப்பது. விரைவானது, சுலபமானது. ஆனால் அது காக்ளியாவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் நரம்பில், மூளைத்தண்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ரத்தம் மாற்றும் அளவுக்கு பிலிருபின் ஏறிய குழந்தையின் செவி நரம்பும் காக்ளியர் நியூக்ளியஸும் இன்ஃபீரியர் கொலிகுலஸும்தான் அந்த நஞ்சுக்கு முதலில் பலியாகக்கூடியவை. ஆகவே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது, பெராவும் பார்த்தே ஆக வேண்டும். இது தெரிந்த சேதிதான். ஆனாலும் 'பாஸ்' என்ற ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. இந்தப் பாட்டி தட்டு விழுந்ததைக் கவனித்தார். கவனித்து, பஸ் ஏறி வந்தார். அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எண்ணெய் பெரும்பாடு படுத்துகிறது. பதினெட்டு, பதினைந்து என்றே எண் நிற்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறாள் மாணவி, மறுபடி துடைக்கிறாள், அழுத்தித் தேய்த்தால் குழந்தை விழித்துவிடும். அம்மா பால் கொடுத்துக்கொண்டே மடியில் வைத்திருக்க, அப்படியே ஒட்டுகிறார்கள். கொலுசைக் கழற்றச் சொல்கிறார் மேடம். திருகு வரவில்லை. பாட்டி பல்லால் கடித்துத் திருகி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறார். குழந்தையின் வாய் காம்பை விட்டு நழுவுகிறது. தூக்கம்.

விளக்கு அணைகிறது. 90 டெசிபல். 2000 கிளிக். கோடு தட்டை.

மூன்று மாதக் குழந்தைக்கு ஐந்து முகடுகளை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஒன்று, மூன்று, ஐந்து தெரிந்தால் போதும். நரம்பிழைகளுக்கு உறை இன்னும் முழுசாகக் கட்டாததால் ஐந்தாவது பெரியவர்களைவிட ஒரு மில்லி செகண்டு போலத் தாமதித்து வரும். இரண்டு வயதுக்குள் பெரியவர்களின் நேரத்தைப் பிடித்துவிடும். இங்கே எதுவுமே இல்லை. வயர் விட்டுப்போயிருக்குமோ என்று மாணவி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்.

"எந்த போலாரிட்டில போட்ட?" மேடத்தின் குரல் தாழ்ந்து வருகிறது.

"ஆல்டர்னேட்டிங், மேடம்."

"தனித்தனியாப் போடு."

கிளிக்கில் செவிப்பறையை முதலில் உள்ளே தள்ளுவது ஒரு வகை, வெளியே இழுப்பது இன்னொரு வகை. மாறி மாறிப் போட்டால் காக்ளியாவின் மயிர்செல்கள் எழுப்பும் மின்சாரம் மேலும் கீழுமாகக் கழிந்து மறைந்துவிடும். தனித்தனியாகப் போட்டதும் திரையின் இடது ஓரத்தில் சிறிய சிறிய நெளிவுகள். ஒரு வகைக்கு எங்கே மேடோ, மறுவகைக்கு அங்கே பள்ளம். நேர்த் தலைகீழ். மேடம் இடுக்கி ஒன்றை எடுத்து, காதுக்குப் போகும் குழாயை நறுக்கென்று கவ்விப் பிடிக்கிறார். மின்துடிப்பு போய்க்கொண்டிருக்கிறது, ஒலி மட்டும் போகவில்லை. நெளிவுகள் மறைகின்றன. இடுக்கியை எடுக்கிறார். திரும்ப வருகின்றன. கருவியின் கசிவு இல்லை, குழந்தையின் காக்ளியாதான்.

இரண்டு காதிலும் இதே கதை.

மாணவிக்குப் புரிந்துவிட்டது. காக்ளியா உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறது. அதற்கு அப்பால் முதல் முகடு முதற்கொண்டு ஒன்றும் இல்லை. 1996-இல் ஆர்னால்ட் ஸ்டாரும் உடனிருந்தவர்களும் இதற்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர் வைத்தார்கள். இழைகள் துடிக்கவே இல்லையா, அல்லது துடித்தும் ஒரே கணத்தில் சேரவில்லையா என்பதை இந்தக் கோடு சொல்லாது. அதனால் இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கேட்கிறது என்பதையும் இது சொல்லாது. கோடு தட்டையாக இருந்தும் ஒலியை உணரும் குழந்தைகள் இருக்கிறார்கள். உணர்ந்தும் சொல்லைப் பிரித்தறிய முடியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

விளக்கு எரிகிறது. அம்மா இதுவரை பேசவில்லை. இப்போது கேட்கிறார்:

"கேக்குதா மேடம்?"

மேடம் நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்காருகிறார்.

"கேக்கலன்னு நான் சொல்ல மாட்டேம்மா. கேக்குதுன்னும் இப்பச் சொல்ல முடியாது. காதுக்குள்ள வேல நடக்குது, அதுனாலதான் அந்த மிஷின் பாஸுன்னு சொல்லுச்சு. அது பொய் சொல்லல. அங்கேருந்து மேல போற சேதி ஒண்ணாச் சேந்து போகல. அதுதான் இப்பத் தெரியுது."

"சரியாப் போயிருமா?"

"மஞ்சக்காமாலைல வந்ததுன்னா சில புள்ளைங்களுக்கு மாசம் போகப் போகச் சரியாகியிருக்கு. எல்லாருக்கும் ஆகும்னு சொல்ல மாட்டேன். மூணு மாசத்துல திரும்பப் பார்ப்போம். ஆறு மாசம் ஆயிட்டா, சத்தம் வந்த பக்கம் திரும்புதான்னு பொம்மை காட்டிப் பாக்குற டெஸ்ட் பண்ணலாம். அதுதான் இவளுக்கு ரொம்ப முக்கியம். அத வச்சுத்தான் காது மிஷின் வேணுமா, எந்த அளவுல வைக்கணும்னு முடிவு பண்ணுவோம். ஆபரேசன் வரைக்கும் போக வேண்டியிருந்தா முதலமைச்சர் காப்பீட்டுல வழி இருக்கு. அது அப்பறம். தேதி மட்டும் தவறவிட்ராதீங்க."

"அதுவரைக்கும் என்னம்மா செய்யணும்?" இது பாட்டி.

"முகத்துக்கு நேரா வச்சுப் பேசுங்க. கையக் காட்டிப் பேசுங்க. தாலாட்டுப் பாடுவீங்கல்ல, அத நிறுத்திராதீங்க. திரும்புனா, சிரிச்சா, எந்தச் சத்தத்துக்குன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க."

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொலுசை எடுக்கிறார். அம்மா குழந்தையின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருக்கிறார். போகும்போது வாசல்வரை மாணவி கூடப் போய், அடுத்த தேதி எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்கிறாள்.

திரும்பி வந்து ரிப்போர்ட் எழுத உட்காருகிறாள். இரண்டு காதிலும் காக்ளியர் மைக்ரோஃபோனிக் உள்ளது. 90 டெசிபல் வரை எந்த அலையும் இல்லை. அதுவரை கை தடையில்லாமல் ஓடுகிறது. அடுத்து, கோளாறு எந்த இடத்தில் என்ற வரி. காலையிலிருந்து மேடம் சொன்னதெல்லாம் அவள் மனதில் ஓடுகிறது போலும். பேனாவை எடுத்து வைக்கிறாள்.

"மேடம், பிலிருபின் ஹிஸ்டரி இருக்கு. பிரெய்ன்ஸ்டெம்னு எழுதலாமா?"

"உள்மயிர் செல்லா இருக்கலாம். அதுக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கலாம். நரம்பே மெலிஞ்சு போயிருக்கலாம். நீ சொல்றதும் இருக்கலாம். முதல் முகடே இல்லாதப்ப, மேல என்ன இருக்குன்னு இந்தக் கோட்ட வச்சு எப்பிடிச் சொல்லுவ? காமால வந்ததுங்கறத மட்டும் தெளிவா எழுது. நரம்பு இருக்கா இல்லையான்னு டாக்டர் பாக்கணும். எம்.ஆர்.ஐ.-க்குப் பரிந்துரை எழுது. செவி நரம்பு தனியாத் தெரியுற மாதிரின்னு மறக்காமச் சேத்துக்கோ."